ரேகை தேய்ந்த கைகளும் கைபேசியும்

தாம் உயிருடன் இருப்பதை ஓய்வூதியர் ஆண்டுதோறும் மெய்ப்பிக்க வேண்டும். இதற்கென ஒன்றிய அரசு 2014 நவம்பரில் டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழைத் தொடங்கியது. கைபேசியும் அதைக் கையாளத் தெரிந்தவரும் உள்ள வீடுகளில் அலைச்சல் குறைந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆலையிலும் பட்டறையிலும் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி பல நேரம் ஏற்பதில்லை. உழைத்ததன் தடயமே உரிமைக்குத் தடையாகிறது! 2021இல் முக அடையாள முறை வந்தது. அதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும். வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்துக்கு 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகையோ மாதம் 1000 ரூபாய். இதில் மருந்து வாங்குவதா, கைபேசி வாங்குவதா?

கேரளத்தின் புல்லம்பாறை ஊராட்சியில், கூலி வந்துவிட்டதா என்றறிய வங்கி வாசலில் காத்துநின்ற வேலையுறுதித் திட்டத் தொழிலாளர்களைக் கண்டே டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் பிறந்தது. தன்னார்வலர்கள் வீடுகளுக்கும் வேலைத்தலங்களுக்கும் சென்று கற்பித்தனர். 2025 ஆகஸ்டில் மாநிலமே முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதற்காக, கூட்டுறவுச் சங்கங்கள் வழியே ஓய்வூதியத்தை முதியோரின் வீட்டில் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டை இடது முன்னணி அரசு கைவிட்டுவிடவில்லை.

நமது கிளைத் தோழர்கள் வரும் நவம்பருக்குள் இக்கற்பித்தலைக் கையிலெடுக்கலாம். காகிதச் சான்றுடன் வரும் முதியவரை எந்த அலுவலகமும் திருப்பியனுப்பக் கூடாது என்ற கோரிக்கையும் உடன் எழ வேண்டும்.