எண்ணுவதற்கு முன்பே முடிந்த தேர்தல்

1876ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஹேய்ஸ், டில்டன் என இரு வேட்பாளர்கள். தெற்கே சில மாநிலங்களில் முடிவு குறித்துத் தகராறு. இரு தரப்பும் மோசடி செய்தன. கடைசியில் பேரம் பேசி முடித்தார்கள். நடுநிலை போலத் தோன்றும் இக்கதையை நாங்கள் ஏற்கவில்லை. தெற்குக் கரோலினா என்ற ஒரு மாநிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே இந்த நடுநிலையின் சாயம் வெளுத்துவிடுகிறது.

அம்மாநில மக்களில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின் அவர்களில் ஆண்கள் வாக்குரிமை பெற்றனர். 1872இல் அவர்கள் ஆதரித்த குடியரசுக் கட்சியின் கிராண்ட் அங்கே நான்கில் மூன்று பங்கு வாக்குகளை அள்ளினார். சீட்டு ஒழுங்காகப் பெட்டிக்குள் விழுந்தால் தமக்கு வழியில்லை என்பதை எதிர்த்தரப்பு அறிந்திருந்தது. முன்னாள் தளபதி மார்ட்டின் கேரி ஒரு திட்டம் வகுத்தார். ஜனநாயகக் கட்சிக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கறுப்பினத்தவரின் வாக்கையேனும் மிரட்டியோ, விலைக்கு வாங்கியோ, வரவிடாமல் தடுத்தோ கட்டுப்படுத்த வேண்டும் என்பதே அது. எழுதி வைத்துச் செய்த வேலை இது. யாரோ சிலரின் ஆத்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஜூலை 8 அன்று ஹாம்பர்க் என்ற சிற்றூரில் கறுப்பினக் குடிப்படை முற்றுகையிடப்பட்டது. கறுப்பினத்தவர் ஆறு பேர் கொல்லப்பட்டனர். பிடிபட்டபின் நிற்கவைத்துச் சுடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. செப்டம்பரில் எல்லென்டன் பகுதியில் மீண்டும் படுகொலை. செஞ்சட்டையினர் (இடதுசாரிகளை நினைத்துவிட வேண்டாம், இவர்கள் வெள்ளை ஆதிக்கத்தின் ஆயுதக் குழுவினர்) குதிரைகளில் ஊர் ஊராகத் திரிந்தனர். எட்ஜ்ஃபீல்டு மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுடைய ஆண்களின் எண்ணிக்கையை மிஞ்சி வாக்குகள் பதிவாயின.

இறுதியில் ஹேய்ஸ் 889 வாக்குகளில் அம்மாநிலத்தை வென்றதாக அறிவிக்கப்பட்டது. தகராறான மாநிலங்களை ஆராய அமைக்கப்பட்ட பதினைந்து பேர் ஆணையம் 8-7 என்று பிரிந்து அவர் பக்கம் நின்றது. தேர்வாளர் வாக்குகள் 185-184. இந்த எண்களையே வரலாறு என்று நம்மிடம் நீட்டுகிறார்கள்.

குடியரசுக் கட்சி ஆட்சியில் ஊழல் இருந்ததை நாங்கள் மறுக்கவில்லை. முடிவுகளைச் சரிபார்த்த குழு கட்சிக்காரர்களுடையது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் சீட்டைத் தள்ளுபடி செய்தவனையும் சீட்டுப் போட வந்தவனைச் சுட்டவனையும் "இரு தரப்பு" என்ற ஒரே சொல்லில் அடைப்பது எந்த அறம்? நான்கில் மூன்று பங்கு நான்கே ஆண்டுகளில் 889 ஆகச் சுருங்கியது எப்படி என்று கேட்காதவர்கள் அந்த 889 சரியா தவறா என்று ஆராய்வது வெறும் கணக்குப்பிள்ளை வேலை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1877 ஏப்ரலில் மாநிலத் தலைமைச் செயலகத்திலிருந்து கூட்டாட்சிப் படைகள் விலகின. ஜனநாயகக் கட்சியின் வேட் ஹாம்ப்டன் ஆளுநர் பதவியைக் கைப்பற்றினார். 1882இல் ஒவ்வொரு பதவிக்கும் தனிப் பெட்டி வைத்து, பெட்டி மாறினால் சீட்டு செல்லாது என்று எழுதப் படிக்கத் தெரியாதவரை வடிகட்டினார்கள். 1895இன் மாநில அரசியலமைப்பு எஞ்சியதையும் பறித்தது. அதை முன்னின்று நடத்திய பென் டில்மன், ஹாம்பர்க்கில் தாம் பங்கேற்றதை மேடைகளில் பெருமையாகவே பேசியவர்.

வென்றவர்கள் வெட்கப்பட்டதில்லை. தெற்குக் கரோலினாவைக் களமாகக் கொண்ட கிரிஃபித்தின் 'ஒரு தேசத்தின் பிறப்பு' (1915) படத்தின் இறுதியில், வாக்களிக்க வெளியே வரும் கறுப்பின மக்கள் ஆயுதமேந்திய குதிரை வீரர்களைக் கண்டு வீட்டுக்குள் திரும்பிவிடுகிறார்கள். அதுவே அப்படத்தின் சுபம். திரைமொழியின் இலக்கணம் என்று அதைக் கொண்டாடும் நண்பர்கள் அந்தக் காட்சியை மறுபடியும் பார்க்கட்டும். செய்தவர்களே ஒப்புக்கொண்டதை நாம் ஏன் "தகராறு" என்று மென்மையாக்கித் தர வேண்டும்?