நிழலை நீக்கலாம், நிறத்தை நீக்கலாமா?

வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவரைப் படம் பிடித்தால், முகம் இருண்டுவிடும். அந்த இருட்டைப் போக்கக் கணினியில் "பிளக்-இன்" என்னும் துணைக் கருவிகள் இருக்கின்றன. போட்டோஷாப் போன்ற மென்பொருளோடு அவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றில் பேர் பெற்றது நிக் கலெக்ஷன். முகத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் போதும். அதைச் சுற்றி, அதே நிறமுள்ள இடங்களில் மட்டும் வெளிச்சம் கூடும். வானமும் மரமும் அப்படியே இருக்கும்! ஒரு காலத்தில் 500 டாலர் விலை. 2012-ல் கூகுள் வாங்கியது, 2016-ல் இலவசமாக்கியது. 2017-ல் டி.எக்ஸ்.ஓ. என்ற பிரெஞ்சுக் கம்பெனி வாங்கி, பிறகு மறுபடியும் விலை வைத்துவிட்டது.

இது புது வித்தை அல்ல. அந்தக் காலத்து இருட்டறையில், ஒளியைக் கையால் மறைத்துப் போட்டோக்காரர்கள் செய்ததுதான்.

ஆனால், இன்று நடப்பது என்ன? மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்தில், பெண்ணின் மாநிறத்தைச் சுண்ணாம்பாக வெளுக்கிறார்கள். பெற்றோரே கேட்டு வாங்குகிறார்கள்! நேரில் பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தால், அவமானம் யாருக்கு? அந்தப் பெண்ணுக்குத்தானே?

சுத்த வெள்ளையாகிவிட்ட படத்தில் கன்னத்துக் குழி திரும்பி வராது. ஆகையால், திருத்தும் முன் அசலைத் தனியே எடுத்து வைக்கும்படி போட்டோக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.