யார் கோத்த மணி?

தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நரிக்குறவர் அம்மாவிடம் பாசிமணி மாலைக்குப் பேரம் பேசிக் கொண்டிருந்தேன். அவர் எண்பது என்றார், நான் நாற்பது என்றேன். பி.காம். படித்துவிட்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

பேச்சுவாக்கில், "உங்க பாஷையில தண்ணிக்கு என்னம்மா?" என்றேன்.

"பாணி, சாமி."

ஐரோப்பாவில் ரோமா என்று ஒரு ஜனம் இருக்கிறது. ஜிப்ஸி என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் அவர்களில் பலருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. சுமார் ஆயிரம் வருஷம் முன்னால் வட இந்தியாவிலிருந்து நடையைக் கட்டியவர்கள். அவர்களும் தண்ணீரை 'பானி' என்றுதான் சொல்கிறார்கள்! உடனே ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நரிக்குறவரின் வாக்ரிபோலி, குஜராத்திக்குப் பக்கத்து பாஷை. இரண்டுக்கும் வேர் வடக்கே, அவ்வளவுதான்.

ரோமாக்களுக்கு மியூசியம் உண்டு. போலந்தின் டார்னோவில் 1979-ல் ஒரு கண்காட்சி வைத்தார்கள். 1990-ல் அது நிரந்தரமானது. செக் நாட்டின் பர்னோவில் 1991-ல் ரோமா படிப்பாளிகளே கூடி ஒன்று ஆரம்பித்தார்கள். அரசாங்கம் அதை ஏற்றுக்கொள்ள 2005 ஆகிவிட்டது. அதே நாட்டில் லெட்டி என்ற இடத்தில், உலகப் போரின்போது ரோமாக்களை அடைத்த முகாமில் முந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பிற்பாடு அங்கே பன்றிப் பண்ணை கட்டினார்கள்! அதை இடித்து நினைவிடம் திறந்தது 2024-ல்தான்.

கணக்குப் புத்தகத்தில் ஏறாத சொத்து, இல்லாத சொத்து. மியூசியமும் ஒரு லெட்ஜர்தான். நம்ம நரிக்குறவர் பெயரைப் பழங்குடியினர் பட்டியலில் ஏற்றும் மசோதாவே 2022 டிசம்பரில்தான் பார்லிமெண்டில் நிறைவேறியது.

"உங்களுக்கும் ஒரு மியூசியம் வெச்சா நல்லா இருக்கும்ல?" என்றேன்.

சிரித்தார். "டிக்கெட் வாங்கினா எங்களை உள்ளே விடுவாங்களா, சாமி?"

2023 மார்ச்சில் சென்னைத் தியேட்டர் ஒன்றில், கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்தியது ஞாபகம் வந்தது. விஷயம் பெரிதான பிறகு உள்ளே விட்டார்கள் என்பது வேறு கதை.

பேரத்தை நிறுத்தி எண்பதைக் கொடுத்தேன்.

வீட்டில் மாலையைப் போட்டுப் பார்த்த என் பெண், "சூப்பரா இருக்குப்பா! யார் செஞ்சது?" என்றாள்.

தண்ணிக்கு என்ன வார்த்தை என்று கேட்டேனே தவிர, அந்த அம்மாவின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.