பழைய சொல்லுக்குப் புதுத் தண்டனையா?

புகழ் பெற்றவர்கள் எப்போதோ எழுதியதைத் தோண்டியெடுத்து, இன்று சொன்னதுபோல் பரப்பிக் கண்டனம் முழக்குவது வழக்கமாகிவிட்டது. எழுதியது தவறாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தவறுக்கு எத்தனை காலம் கணக்குக் கேட்பது? அதற்கு ஒரு வரம்பு வேண்டாமா?

கல்கத்தாவில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரியில், வங்காள நடிகை சாயோனி கோஷ் மீது மேகாலயா, திரிபுரா மாநிலங்களின் முன்னாள் கவர்னர் ததாகத ராய், ரவீந்திர சரோவர் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தார். நடிகையின் டுவிட்டர் கணக்கில் சிவலிங்கத்தை இழிவுபடுத்தும் படம் வெளியானது என்பது புகார். படம் வெளியானதோ 2015-ல்! தம் கணக்கை வேறு யாரோ கைப்பற்றிப் போட்ட படம் அது என்றும், தமக்கு அதில் உடன்பாடில்லை என்றும் நடிகை விளக்கம் சொன்னார்.

அந்தப் படம் பக்தர்களின் மனத்தைப் புண்படுத்தக் கூடியதே. அதை அலட்சியம் செய்யலாகாது. ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய படம், சட்டசபைத் தேர்தல் நெருங்கிய வேளையில், புகார் கொடுத்தவரும் நடிகையும் அரசியல் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது மேலே வந்தது. கோபம் படத்தின் மீதா, அரசியலின் மீதா என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

சட்டம்கூட இவ்விஷயத்தில் நிதானம் காட்டுகிறது. மத உணர்வைப் புண்படுத்தும் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டுச் சிறை. இத்தகைய குற்றங்களைச் சாதாரணமாக மூன்றாண்டுகளுக்குள் கோர்ட்டு விசாரணைக்கு ஏற்க வேண்டும் என்பது விதி. தக்க காரணம் இருந்தால் மட்டுமே அதைத் தளர்த்தலாம். 2024-ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இவ்விதி உள்ளது. கூட்டத்தின் கோபத்துக்கோ காலவரையறை இல்லை.

நடிகைக்கு என்ன ஆயிற்று? அடுத்த மாதமே திரிணாமுல் காங்கிரசில் சேர்ந்தார். சட்டசபைத் தேர்தலில் தோற்றாலும், 2024-ல் ஜாதவ்பூர் தொகுதியில் வென்று பார்லிமெண்டுக்குப் போனார். செல்வாக்குள்ளவர்கள் புயலைத் தாண்டிவிடுகிறார்கள்.

மற்றவர்கள் கதை வேறு. ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா எழுதியது பழைய எழுத்துகூட அல்ல. அன்று முதலமைச்சராக இருந்த மம்தா பானர்ஜியைக் கேலி செய்யும் படத்தை இமெயிலில் அனுப்பியதற்காக 2012 ஏப்ரலில் கைதானார். அவர் மீது சாட்டப்பட்ட 66ஏ பிரிவையே 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. அப்படியும் அவர் வழக்கிலிருந்து விடுபட 2023 ஜனவரி ஆயிற்று. படித்த பேராசிரியருக்கே இந்த அலைச்சல் என்றால், பிழைக்க வந்த ஊரில் ஒரு குமாஸ்தாவின் கதி என்ன? அவருக்கு ஒரு நாள் லீவு எடுத்துக் கோர்ட்டுக்குப் போவதே பெரும்பாடு.

தண்டனையே கூடாது என்பதல்ல. இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஆலி ராபின்சன் 2012, 2013-ல் எழுதிய இனவெறிப் பதிவுகள், 2021 ஜூனில் அவர் முதல் டெஸ்ட் ஆடிய அன்றே வெளியாயின. அவர் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டார். விசாரணை நடந்தது, அபராதமும் எட்டு ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. அதில் ஐந்து ஆட்டத் தடை நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் அவர் இந்தியாவுக்கு எதிராக ஆடினார். தவறு தவறென்று சொல்லப்பட்டது. தண்டனைக்கு முடிவும் இருந்தது. இதுவே முறை.

ஆகவே, பழைய பதிவொன்று செல்போனில் வந்து நிற்கும்போது மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். எழுதியது எப்போது? எழுதியவர் இன்றும் அதையே சொல்கிறாரா? இப்போது அதைத் தோண்டியெடுப்பவர் யார்? இன்றும் அதையே சொல்பவரைத் தட்டிக் கேட்கலாம். வருந்தித் திருந்தியவரை விட்டுவிடலாம். விடை தெரியாதவரை, அதை இன்னொருவருக்கு அனுப்பாதிருப்பதே நல்லது. நாளை தோண்டப்படுவது நம் வாட்ஸ்அப்பாகவும் இருக்கலாம் அல்லவா?