குழந்தையைப் பார்க்காமலே குழந்தை ஆராய்ச்சி!

டிஸ்கி: இது எந்தக் கல்லூரியையும் எந்த கைடையும் குறிவைத்து எழுதியதல்ல. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தால் நான் பொறுப்பல்ல :-)

மழலையர் கல்வி படிக்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அ, ஆ சொல்லித்தர எதுக்கும்மா இவ்வளவு பெரிய படிப்பு?" என்பதுதான். "ஆராய்ச்சி வேற பண்ணணும் பெரியம்மா" என்றால் சிரித்தே விடுகிறார்கள். பச்சைக் குழந்தையிடம் ஆராய என்ன இருக்கிறது என்பது அவர்கள் நினைப்பு. அது தவறு. ஆனால் ஆராய்ச்சி என்ற பெயரில் நாம் செய்துகொண்டிருப்பதைப் பார்த்தால், அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

நம்மூரில் ஒரு டிசர்டேஷன் எப்படிப் பிறக்கிறது? முதலில் தலைப்பு: "முன்பருவக் கல்வி குறித்த பெற்றோரின் மனப்பான்மை - ஓர் ஆய்வு." அடுத்து நாற்பது வாக்கியங்கள் கொண்ட வினாத்தாள். ஒவ்வொன்றுக்கும் "முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்" தொடங்கி ஐந்து கட்டங்கள். முந்நூறு ஜெராக்ஸ். பள்ளி வாசலில் நின்று, பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களிடம் ஒரு கட்டு. பாதிப் பேர் வண்டி சீட்டில் வைத்து, படிக்காமலே ஒரே வரிசையில் டிக் அடித்துத் தருவார்கள். அதை எக்செல்லில் ஏற்றி, ஆண்-பெண், நகரம்-கிராமம், அரசு-தனியார் என்று பிரித்து டி-டெஸ்ட் போட்டால் "0.05 மட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று வரும். ஐந்து அத்தியாயம், தங்க எழுத்து பைண்டிங், வைவா, ஸ்வீட் பாக்ஸ். சுபம்.

நூற்றிருபது பக்கத்தில் எத்தனை குழந்தைகள் வருகிறார்கள் தெரியுமா? ஒன்றுகூட இல்லை. நன்றியுரையில் அம்மா, அப்பா, கைடு, கடவுள், டைப் அடித்தவர் வரைக்கும் இடம் உண்டு. படிப்பின் பெயரில் இருக்கிற குழந்தைக்கு மட்டும் இல்லை.

இதைச் செய்கிற மாணவிகளைக் குறை சொல்லவில்லை. நமக்கு இதைத்தான் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொடுத்தார்கள். என் கோபம் அந்தப் பாடத்தின் மீதுதான்.

தேர்வுக்கு நாம் உருப்போடுகிற பெயர்களை எடுத்துக்கொள்வோம். பியாஜே தன் சொந்தப் பிள்ளைகள் மூன்று பேரையும் கைக்குழந்தையிலிருந்தே பக்கத்தில் இருந்து பார்த்து, பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதினார். மாண்டிசோரி 1907ல் ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கி, பிள்ளைகள் எதைத் தொடுகிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்று கவனித்துத்தான் தன் முறையைக் கட்டினார். அதே அம்மையார் 1939ல் நம்ம சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். மில்ட்ரெட் பார்ட்டன் அமெரிக்காவின் மினசோட்டாவில் நர்சரி பிள்ளைகளை ஒவ்வொருவராக, ஒரு நிமிடம் ஒரு நிமிடமாகப் பார்த்துப் பதிவு செய்துதான் 1932ல் தனி விளையாட்டு, இணை விளையாட்டு, கூட்டு விளையாட்டு என்றெல்லாம் வகைப்படுத்தினார்.

அவ்வளவு தூரம் ஏன்? தாராபாய் மோடக் 1945ல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் வேலையைத் தொடங்கினார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பாலவாடிக்கு வரவில்லை. "பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை" என்று முடிவுரை எழுதிவிட்டு அவர் போய்விடவில்லை. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தார். வீட்டு முற்றத்தில் இருந்தார்கள். பாலவாடியை முற்றத்துக்கே கொண்டுபோனார். முற்றத்துக்கு அங்கே பெயர் 'அங்கண்'. இன்று தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருக்கிற அங்கன்வாடிகளின் பெயர் அதிலிருந்து வந்தது. இதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை என்றால் வேறு எதற்கு?

இவர்கள் கண்டுபிடித்ததைப் பத்து மார்க்குக்கு எழுதுகிறோம். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது இரண்டு மார்க்குக்குக்கூட வருவதில்லை.

எப்படி என்பதுதான் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன். பியாஜேயின் பிரபலமான சோதனை தெரியும்தானே? இரண்டு வரிசையில் சமமான எண்ணிக்கையில் வில்லைகள். பெரியவர் ஒரு வரிசையை இழுத்து நீளமாக்கிவிட்டு "இப்போ எதில் அதிகம்?" என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் நீளமான வரிசையைக் காட்டுவார்கள். "எண்ணிக்கை மாறாது என்ற புரிதல் இந்த வயதில் இல்லை" என்று நாமும் எழுதி மார்க் வாங்கினோம். 1970களில் மெக்கரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். வரிசையைக் கலைத்தது பெரியவர் இல்லை, ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை. அவ்வளவுதான். அதே நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் சரியாகச் சொன்னார்கள்! பெரியவர் வேண்டுமென்றே மாற்றிவிட்டு மறுபடி கேட்டால், வேறு பதிலைத்தான் எதிர்பார்க்கிறார் போல என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. நாம் கேட்கிற விதமே பதிலை மாற்றுகிறது. இந்த ஒரு பாடம் முதல் செமஸ்டரில் கிடைத்திருந்தால் எத்தனை வினாத்தாள்கள் குப்பைக்குப் போயிருக்கும்!

என் களப்பணியில் பார்த்த ஒன்று. நாலு வயதுப் பெண் குழந்தை. "1 முதல் 10 வரை சொல்லு" என்றால் வாயே திறக்காது. செக்லிஸ்டில் 'இல்லை' என்று டிக். சாப்பாட்டு நேரத்தில் அதே குழந்தை ஆயாம்மாவோடு தட்டு வைக்கப் போனது. பதினோரு பிள்ளைகள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டு. கடைசியில் ஒரு பையனுக்குத் தட்டு இல்லை. தானாகவே திரும்பிப் போய் ஒன்றே ஒன்று எடுத்து வந்தது. ஆளுக்கொன்று என்று பொருத்திப் பார்ப்பதுதான் எண்ணறிவின் அஸ்திவாரம் என்று புத்தகத்தில் படிக்கிறோம். செக்லிஸ்டில் அதற்குக் கட்டமே இல்லை. டீச்சரிடம் சொன்னேன். "அவ தினமும் அப்படித்தானே வைப்பா" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, நம் படிவத்துக்குத் தெரியவில்லை.

இதில் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்கிறீர்களா? அந்த 'இல்லை'தான் அடுத்த வருடம் "இந்தப் பிள்ளை மந்தம்" என்று ஆகிறது. "அங்கன்வாடியில் ஒன்றும் கற்றுத் தருவதில்லை" என்ற பேச்சாகிறது. அந்தப் பேச்சை நம்பி, கூலி வேலைக்குப் போகிற அம்மா கடன் வாங்கி எல்.கே.ஜி.யில் சேர்க்கிறார். அங்கே மூன்றரை வயதுப் பிள்ளை நாலு கோடு நோட்டில் பென்சிலோடு மல்லுக்கட்டுகிறது.

அடுத்து, சம்மதம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, ஏழு வயது முதல் குழந்தையின் ஒப்புதலையும் கேட்க வேண்டும். ஏழுக்குக் கீழே அதைப் பதிவு செய்ய வேண்டிய அவசியமில்லை. நாம் ஆராய்வதோ பெரும்பாலும் ஏழுக்குக் கீழே! காகிதம் கேட்கவில்லை என்பதால் நம் பொறுப்பு கூடுகிறதே தவிர குறையவில்லை. மூன்று வயதுப் பிள்ளை 'மாட்டேன்' என்று எழுதித் தராது. முகத்தைத் திருப்பும், ஆயாம்மா முந்தானையில் ஒளியும், "ஒண்ணுக்கு" என்று எழுந்து ஓடும். இதையெல்லாம் 'ஒத்துழைக்கவில்லை' என்று குறிக்கிறோம். அது ஒத்துழையாமை இல்லை ஐயா, பதில்!

சரி, எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம்.

"ஐந்து குழந்தைகளைப் பார்த்து எழுதினால் எல்லோருக்கும் பொருத்த முடியுமா?" முடியாதுதான். ஆனால் பள்ளி வாசலில் கைக்குக் கிடைத்த முந்நூறு பேரை வைத்து மட்டும் எப்படிப் பொருத்துகிறீர்கள்? எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதும் வேண்டும்.

"அப்போ புள்ளியியலே வேண்டாமா?" கட்டாயம் வேண்டும். மார்ஷ்மெல்லோவைத் தின்னாமல் காத்திருந்த பிள்ளை பிற்காலத்தில் ஜெயிக்கும் என்ற கதையை எத்தனை தன்னம்பிக்கைப் பேச்சில் கேட்டிருப்போம்? 2018ல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்துத் திரும்பப் பார்த்தார்கள். குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு கரைந்துவிட்டது. அதேபோல 2017ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, மூன்று மாநிலங்களின் கிராமங்களில் சுமார் 14,000 நாலு வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, அவர்கள் அரசாங்கக் கொள்கை நினைக்கிற நேர்கோட்டில் பள்ளிக்குப் போவதில்லை, அங்கும் இங்கும் மாறி மாறிப் போகிறார்கள் என்று காட்டியது. எண்கள் இல்லாமல் இது தெரிந்திருக்காது. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் குழந்தைகள் இருந்தார்கள். நம் எண்களுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடைதான் இருக்கிறது.

"நேரம் இல்லை." முந்நூறு வினாத்தாள் அச்சடித்து, துரத்திப் பிடித்து வாங்கி, எக்செல்லில் ஏற்ற ஆகும் நேரத்தில் ஓர் அங்கன்வாடியில் இருபது நாள் காலை முழுக்க உட்காரலாம்.

இன்னொன்றும் வந்துவிட்டது. இலக்கிய மீள்பார்வை அத்தியாயத்தை இப்போது சாட்ஜிபிடி பத்து நிமிடத்தில் எழுதித் தருகிறது. 2018ன் யு.ஜி.சி. விதிப்படி ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை என்பதால், எல்லோர் கவலையும் அந்த எண்ணைக் குறைப்பதில்தான். இயந்திரத்தால் செய்ய முடியாத ஒரு வேலை நம்மிடம் மிச்சமிருக்கிறது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரு பிள்ளையை அரை மணி நேரம் பார்ப்பது. அதையும் விட்டுவிட்டால் நாம் எதற்கு?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை:

1. டி-டெஸ்டுக்கு முன்னால் ஒரு செமஸ்டர் முழுக்க உற்றுநோக்கல் பயிற்சி. பார்த்தது வேறு, யூகித்தது வேறு என்று பிரித்து எழுதத் தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

2. ஒரே குழந்தையைப் பற்றிய ஆழமான ஆய்வையும் டிசர்டேஷனாக ஏற்க வேண்டும்.

3. குழந்தை எப்படி மறுத்தது, அப்போது நாம் என்ன செய்தோம் என்று எழுத முறையியல் அத்தியாயத்தில் ஒரு பக்கம்.

4. முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, நமக்கு இடம் கொடுத்த டீச்சரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, செல்போனில் பதிவேற்றுவது என்று ஆயிரம் வேலைக்கு நடுவில் நம் படிவத்தையும் நிரப்பியவர் அவர்.

வகுப்புத் தோழிகளே, தலைப்பு கொடுக்கும் சீசன் வரப்போகிறது. போன வருட சீனியரின் சாஃப்ட் காப்பியைத் திறப்பதற்கு முன்னால், பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் அனுமதி கேட்டு ஒரே ஒரு காலை உட்கார்ந்துவிட்டு வாருங்கள். வினாத்தாள் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.