சிவப்புக் கட்டத்தை வெட்டும் கத்தரிக்கோல்

ஆய்வகத்தில் உறுதியான பாக்டீரியா தொற்றுகளில் உலக அளவில் ஆறில் ஒன்று ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படவில்லை. இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் மூன்றில் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் இந்தக் கணக்கைப் பார்த்து எல்லோரும் பதறுகிறோம். அந்தப் பதற்றம் தெருமுனை மெடிக்கல் ஷாப்பை மட்டும் எட்டவே இல்லை.

இந்த வாரம் நேரில் பார்த்தோம். சீருடையில் ஒரு பள்ளிப் பையன். கையில் சீட்டு இல்லை. "அம்மாவுக்குக் காய்ச்சல், ரெண்டு வேளைக்குக் கொடுங்கண்ணே" என்றான். கடைக்காரர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாராசிட்டமால் இரண்டு, சளி மாத்திரை இரண்டு, செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் இரண்டு. கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி, காகித உறையில் போட்டு நீட்டினார். மருந்தின் பெயர் பாதியில் அறுந்துபோனது. 'டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது' என்ற சிவப்புக் கட்டம் மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிட்டது.

அந்தத் தாய்க்கு வந்தது வைரஸ் காய்ச்சலாக இருந்தால் செஃபிக்ஸிம் அதைத் தொடக்கூடத் தொடாது. குடலில் இருக்கும் சாதுவான பாக்டீரியாக்களைக் கொன்று, முரட்டு வகைகள் பெருக இடம் கொடுக்கும். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945-ல் நோபல் மேடையில் நின்றே, அளவு குறைத்துச் சாப்பிட்டால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்தார். இரண்டு வேளை மாத்திரை அதைத்தான் செய்கிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஆன்டிபயாடிக் விற்பனைக்குக் கட்டுப்பாடு கோரி மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' தந்தது 2012-ல். மறு ஆண்டே மத்திய அரசு 'எச்1' பட்டியலைக் கொண்டுவந்தது. அப்போது அதில் 46 மருந்துகள், செஃபிக்ஸிமும் ஒன்று. விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பையனுக்கு விற்றதை எந்த டாக்டர் பெயரில் எழுதியிருப்பார்கள்? மருந்து ஆய்வாளர்கள் இந்தப் பதிவேட்டைப் பிரித்துப் பார்க்கட்டும். வந்த சரக்கையும் எழுதிய கணக்கையும் ஒத்துப் பார்க்க ஒரு கடைக்கு ஒரு மணி நேரம் போதும். கேரளம் 2024-ல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று இறங்கிக் கடைகளைச் சோதனை போட்டதே, நமக்கு என்ன தடை?

இன்னொன்று, நாம் விடாமல் கேட்டுவருவது: மருந்து அட்டையில் தமிழ் வேண்டும். பீடிக் கட்டில் படம் போட்டு எச்சரிக்கத் தெரிந்த அரசு, உயிர் காக்கும் மருந்தின் எச்சரிக்கையை மட்டும் ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டியும் புரிந்துகொள்ளும்படி, ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் மருந்தின் பெயரையும் 'டாக்டர் சீட்டு வேண்டும்' என்பதையும் தமிழில் அச்சிடுங்கள். எங்கே வெட்டினாலும் அந்த வரி வீடு வரை போக வேண்டும்.