நாமும் பாக்கிதாரர்கள்

இருபது வயதில் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரும் பெண்ணிடம் நாம் கேட்கும் கேள்விகள் எல்லாத் தெருவிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அப்படி என்ன சண்டை? கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே? பெற்றவர்களைக் கேட்காமல் கட்டிக்கொண்டாயே, இப்போது யாரைக் குறை சொல்ல? சின்ன வயசுதானே, மறுபடி ஒரு வாழ்க்கை அமையாமலா போகும்? இத்தனையும் கேட்கிற நமக்கு, "பிள்ளைக்கு அவன் மாதம் எவ்வளவு அனுப்புகிறான்?" என்று கேட்க வாய் வருவதில்லை. பணத்தைப் பற்றிப் பேசினால் அவளைப் பணத்தாசை பிடித்தவள் ஆக்கிவிடுவோமோ என்று ஒரு கூச்சம். பால் பவுடருக்கும் காய்ச்சல் மருந்துக்கும் எல்.கே.ஜி. சேர்க்கைக்கும் காசு வேண்டும் என்பது தெரியும். அந்தக் காசில் அவன் பங்கும் உண்டு என்பதை மறந்துவிட்டோம். மறந்துவிட்டோம் என்று சொல்வதுகூட நம்மேல் காட்டும் சலுகைதான். நினைக்காமல் இருப்பது நமக்கு வசதியாக இருந்தது.

சட்டம் இதில் நம்மை எப்போதோ முந்திவிட்டது. வசதியிருந்தும் பிள்ளையைக் கவனிக்காத தகப்பனிடமிருந்து மாதத் தொகை வாங்கித் தரும் அதிகாரத்தை 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆவது பிரிவு மாஜிஸ்திரேட்டுக்குக் கொடுத்தது. 1973 சட்டத்தில் அது 125-ஆவது பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆவது பிரிவு. எண்கள் மாறினவே தவிர, முறைப்படி கல்யாணம் நடந்து பிறந்த பிள்ளைக்கும் நடக்காமல் பிறந்த பிள்ளைக்கும் ஜீவனாம்சத்தில் பேதம் இல்லை என்பது மாறவில்லை. மதத்தாலும் பேதம் இல்லை. முஸ்லிம் குழந்தைகளுக்கும் இந்த உரிமை அப்படியே உண்டு என்று 1997-இல் நூர் சபா கத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் கோயிலில் வைத்துத் தாலி கட்டி, பதிவு செய்யாமல் குடித்தனம் நடத்தி, கர்ப்பமான பிறகு கைவிடப்பட்ட பெண் வந்து யோசனை கேட்டபோது நாம் என்ன சொன்னோம்? "ரிஜிஸ்டர் பண்ணலையா? அப்ப கேஸ் நிக்காதும்மா." இதைச் சொன்னவர்களில் படித்தவர்கள் உண்டு, வார்டு கவுன்சிலர் உண்டு, பள்ளி ஆசிரியர் உண்டு. மனைவி என்ற முறையில் அவள் தனக்குக் கேட்பதற்குத்தான் கல்யாணத்தைக் காட்ட வேண்டும். பிள்ளைக்குக் கேட்பதற்கு, தகப்பன் இன்னான் என்று காட்டினால் போதும். இந்த ஒரு வரி தெரியாததால் எத்தனை பேர் படியேறாமலே திரும்பிப் போனார்களோ, அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை.

தொகையிலும் நம் அலட்சியம் தெரிகிறது. ஜீவனாம்சத்துக்கு மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 1955-இல் வைக்கப்பட்டது. சில மாநிலங்கள் தாமாகக் கூட்டிக்கொண்டன. மத்தியச் சட்டத்தில் 2001 வரை அந்த 500 அசையவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளம் 1954-இல் 400 ரூபாயாக இருந்து, 2001-இல் 12,000 ரூபாய்க்கு வந்திருந்தது. அரிசி ஏறியது, வாடகை ஏறியது, பிள்ளையின் வயிறு மட்டும் 46 ஆண்டு ஒரே விலையில் நின்றது. இதை எதிர்த்து ஊர்வலம் போனதாக நமக்கு நினைவில்லை. 1985-இல் ஷா பானு வழக்கின்போது நாடே இரண்டுபட்டு மதத்தைப் பற்றி விவாதித்தது. அந்தக் கிழவிக்கு உயர் நீதிமன்றம் விதித்திருந்த தொகை மாதம் 179 ரூபாய் 20 காசு. அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் எப்படி ஓட்டுவது என்று விவாதித்தவர்கள் குறைவு.

ஊர்ப் பெரியவர்கள் என்ற பெயரில் நாம் செய்த பஞ்சாயத்துகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். சமுதாயக் கூடத்திலோ கட்சிக்காரர் வீட்டுத் திண்ணையிலோ இரண்டு தரப்பையும் உட்காரவைத்து அரை நாளில் தீர்த்துவிட்டோம். கொண்டுவந்த நகையும் பாத்திரமும் திரும்ப வரும். கையில் ஐம்பதாயிரம் வரும். முத்திரைத்தாளில் 'இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று ஒரு வரி, அதன் கீழே சாட்சிக் கையெழுத்தாக நம் பெயர். பதினெட்டு வயது வரை என்றால் 216 மாதம். ஐம்பதாயிரத்தை அதில் வகுத்தால் மாதம் 232 ரூபாய்கூட வராது. அதைத்தான் பெரிய மனசோடு பேசி முடித்ததாகச் சொல்லிக்கொண்டோம். பிள்ளைக்குச் சேர வேண்டியதைத் தாயேகூட விட்டுக்கொடுத்து எழுதித்தர முடியாது, அப்படிப்பட்ட தாள் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். அந்தத் தாளை நம்பித்தான் அவள் பல ஆண்டு வாய் திறக்காமல் இருந்தாள்.

மீறி மனுப் போட்டவளுக்கு நாம் செய்தது இன்னும் மோசம். கோர்ட்டிலிருந்து போகும் சம்மன், 'விலாசத்தில் ஆள் இல்லை' என்று திரும்பி வரும். அவன் திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனியில் இருக்கிறான், ஓசூரில் யாரிடம் வண்டி ஓட்டுகிறான், துபாயிலிருந்து எப்போது லீவில் வருகிறான் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். தீபாவளிக்கு வந்து போகிறான். மாரியம்மன் திருவிழா பேனரில் அவன் படம் இருக்கிறது. நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுகிறான். அவள் வந்து கேட்டால் மட்டும் யாருக்கும் எதுவும் தெரியாது. நமக்கெதுக்கு வம்பு என்று ஒதுங்கினோம். ஒதுங்கியதாக நினைத்துக்கொண்டு அவன் பக்கம் நின்றோம். வேண்டுமென்றே சம்மனுக்கு ஒளிகிறான் என்று தெரிந்தால் அவன் இல்லாமலே விசாரித்து உத்தரவு போட சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் உத்தரவு வந்த பிறகு பணத்தை வசூலிக்க, அவன் எங்கே சம்பளம் வாங்குகிறான் என்று யாராவது சொல்லியாக வேண்டும். அந்த யாராவது நாம்தான்.

அவனுடைய இரண்டாவது கல்யாணத்துக்கும் போனோம். முதல் கல்யாணம் முறிந்ததா என்று கேட்கவில்லை. மனைவி இருக்கும்போது மறுமணம் குற்றம் என்று தெரிந்தவர்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு மொய் எழுதினார்கள். பிள்ளைக்கு மாதம் இரண்டாயிரம் கொடுக்க வழியில்லை என்று கோர்ட்டில் சொன்னவன் மண்டபத்துக்கும் மேளத்துக்கும் என்ன கொடுத்தான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். முதலாளிகளான நம்மில் சிலர், கையில் இருபதாயிரம் கொடுத்துக்கொண்டே எட்டாயிரத்துக்குச் சம்பளச் சான்று எழுதித் தந்தோம். பையன் நல்லவன், பாவம் என்று அதற்கு ஒரு காரணம் வேறு. உடலில் தெம்புள்ளவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாம் சொன்னதில்லை.

"அது என் பிள்ளையே இல்லை" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னபோது நம்மிடம் எழுந்த ஆர்வம் தனி. நிரூபிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கு என்று யோசிக்காமல் அவளுடைய பழைய போன் அழைப்புகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். கல்யாண காலத்தில் பிறந்த பிள்ளை கணவனுடையது என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. மறுக்கிறவன்தான் ஆதாரம் காட்ட வேண்டும். கல்யாணம் இல்லாத இடத்தில் டி.என்.ஏ. சோதனை வரை போகவேண்டி வரலாம். முன்னாள் முதல்வராகவும் ஆளுநராகவும் இருந்த என்.டி.திவாரிமேல் ஒரு மகன் 2008-இல் போட்ட வழக்கில், ரத்தச் சோதனை முடிவு வெளியானது 2012-இல். விவரமும் வசதியும் உள்ள, வளர்ந்த மகனுக்கே அத்தனை காலம் ஆனது. மடியில் குழந்தையோடு நிற்கிற பெண்ணுக்கு எவ்வளவு ஆகும் என்று நாம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

வழக்கறிஞர்களும் நீதிமன்றத்தில் வேலை செய்பவர்களும் இந்தக் குற்றப் பட்டியலுக்கு வெளியே இல்லை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2001 திருத்தமே சொல்லிவிட்டது. 2014-இல் புவன் மோகன் சிங் வழக்கைப் பார்த்த உச்ச நீதிமன்றம், குடும்ப நீதிமன்றத்தில் ஜீவனாம்ச மனு ஒன்பது ஆண்டு கிடந்ததை வேதனையோடு கண்டித்தது. ஒவ்வொரு வாய்தாவும் அவளுக்கு ஒரு நாள் கூலி, பஸ் காசு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாரையாவது கெஞ்சுவது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வந்தது. இரு தரப்பும் சொத்து, வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காக வேண்டும் என்று அது விதித்தது. கட்டாமல் விட்ட பாக்கிக்கு, கெடு வந்த ஓராண்டுக்குள் வசூல் மனுப் போட வேண்டும் என்ற விதியும் உண்டு. உத்தரவு கையில் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து அந்த ஓராண்டைத் தவறவிட்ட பெண்களிடம் யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. "ஜெயிலுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன், காசு தரமாட்டேன்" என்று சவால் விட்டவர்களையும் பார்த்திருக்கிறோம். சிறைக்குப் போனாலும் பாக்கி கழியாது என்று 1988-இல் குல்தீப் கவுர் வழக்கிலேயே முடிவாகிவிட்டது. சவால் விட்டவனிடம் இதைச் சொல்ல ஆளில்லை.

அரசாங்கத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் என்ற முறையில் இன்னொரு பாக்கி இருக்கிறது. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான மாத உதவித்தொகைத் திட்டம் தமிழ்நாட்டில் 1986-இல் வந்தது. அதன் விதி முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. சட்டப்படி விவாகரத்தோ நீதிமன்றத்தின் பிரிவுச் சான்றோ இல்லாதவர், கைவிடப்பட்டு ஐந்து ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். இருபது வயதில் தெருவுக்கு வந்தவள் பத்து ஆண்டு காத்திருந்தால், அதற்குள் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துவிடும். மிக அதிகமாகத் தேவைப்படும் வயதை விட்டுவிட்டு எழுதப்பட்ட விதி இது. ஜெர்மனியில் 1980-இலிருந்து ஒரு சட்டம் நடப்பில் உள்ளது: தகப்பன் தராவிட்டால் அரசே பிள்ளைக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பிறகு அவனிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். 2017-இல் அதைப் பதினெட்டு வயது வரை நீட்டினார்கள். இங்கே அவனைத் துரத்தும் வேலையை அவளிடமே விட்டிருக்கிறோம். தேர்தல் அறிக்கைகளில் இதைக் கேட்டு வாங்கத் தவறியது நாம்தான்.

பத்திரிகை எழுதுகிற நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. 'கணவன் கைவிட்டும் கலங்காத பெண்' என்று இட்லிக் கடைப் படத்தோடு எத்தனை கதை எழுதியிருக்கிறோம். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவாட்டுவதை விரிவாக எழுதினோம். அந்தப் பிள்ளையின் தகப்பன் எங்கே, இதுவரை எவ்வளவு பாக்கி என்று ஒரு வரி கேட்கவில்லை. சினிமாவும் அப்படித்தான். தாயின் தியாகத்துக்கு அழுது முடித்து வெளியே வந்தவனுக்கு, தகப்பனின் கடன் ஞாபகம் வராது. அவளைத் தெய்வமாக்கி உயரத்தில் வைத்துவிட்டால், கீழே யாரிடமும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. பெண்கள் இயக்கங்களும் வரதட்சணைச் சாவுக்குத் திரண்ட அளவுக்கு மாதாமாதம் வராமல் போன இரண்டாயிரத்துக்குத் திரளவில்லை. உயிர் போனால்தான் நமக்குச் செய்தி.

நம் மரபில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. வள்ளல் பேகன் தன் மனைவி கண்ணகியை விட்டு வேறொருத்தியோடு வாழ்ந்தபோது கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவனிடமே போய்ச் சொன்னார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாட்டுகள் அவை. அவன் கையால் பரிசில் வாங்குகிறவர்கள் அவனிடமே, எங்களுக்கு உன் பொருள் வேண்டாம், நீ அவளிடம் போ, அதுவே பரிசில் என்கிற அளவுக்குப் பேசினார்கள். அவர்கள் யாரும் கண்ணகியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இன்று பேகன்களிடம் பேசுவதற்கு நம் தெருவில் ஒருவர்கூட இல்லை. கண்ணகிகளுக்குப் புத்தி சொல்லத்தான் எல்லோரும் இருக்கிறோம்.

இனி செய்ய வேண்டியவற்றில் பெரிய தியாகம் எதுவும் இல்லை. பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதற்கு அலுவலகம் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், அவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இதை உங்கள் தெருவில் தேவைப்படுகிறவளிடம் சொல்லுங்கள். முத்திரைத்தாளில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டு வந்தால், பிள்ளைக்கு மாதாமாதம் என்ன வழி என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள். சம்பளச் சான்று எழுதுகிறவர்கள் உண்மைத் தொகையை எழுதுங்கள். முதல் பிள்ளைக்குக் கணக்குத் தீர்க்காதவனின் கல்யாணப் பத்திரிகை வந்தால் போகாதீர்கள். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அந்த முப்பது வயது விதியை எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவுக்கு அவளோடு ஒருவர் துணைக்குப் போங்கள். அவன் எங்கே வேலை பார்க்கிறான் என்று தெரிந்தவர், அதை ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுங்கள்.